பெரியப்பாவின் அரை டம்ளர் காப்பி

எங்க பெரியப்பாவுக்குக் காப்பி அரை டம்ளருக்கு மேல ஊத்தக் கூடாது. நாலு வருஷமா வீட்டுல இதுதான் சட்டம். மேல ஊத்தினா மிச்சம் வேட்டிக்குப் போயிரும். பார்க்கின்சன். போன மாசம் திருநெல்வேலி போயிருந்தப்ப என்னைப் பக்கத்துல உக்கார வச்சுக் கேட்டார்: "ஏல, சந்திரனுக்கு ராக்கெட் விடுதான். இந்தக் கை சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கு. இதுக்கு ஒரு மருந்து கண்டுபிடிக்க முடியலியோ?"

நான் படிச்சது பி.காம். முழிச்சேன். அப்புறம் ரோஷம் வந்து மூணு வாரம் தேடித்தேடிப் படிச்சதுதான் இந்தப் பதிவு.

பத்தமடைக்குப் பக்கத்துல கோபாலசமுத்திரம்னு ஒரு ஊர் இருக்கு. புரோட்டீன் பற்றி எதைத் திறந்தாலும் ஜி.என்.ராமச்சந்திரன் என்ற பெயர் வரும். அந்த 'ஜி' கோபாலசமுத்திரம்! (பஸ்ஸுல நூறு தடவை தாண்டிப் போயிருக்கேன், தெரியாது.) 1922-ல் எர்ணாகுளத்தில் பிறந்தவர், சி.வி.ராமனின் மாணவர். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கு வந்தார். நம்ம தோலிலும் எலும்பிலும் இருக்கிற கொலாஜன், மூன்று புரி முறுக்கின கயிறு மாதிரி என்று கண்டு சொன்னவர் இவரும் கோபிநாத் கர்த்தாவும்தான்.

1963-ல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து 'ராமச்சந்திரன் வரைபடம்' போட்டார். புரோட்டீன் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி. ஒவ்வொரு கண்ணியும் இரண்டு இடத்தில் திரும்பும். இஷ்டத்துக்குத் திரும்ப முடியாது, அணுவோடு அணு இடிக்கும். எந்தக் கோணம் ஆகும், எது ஆகாது என்பதை ஒரே சதுரத்துக்குள் காட்டிவிட்டார்கள். இன்றைக்கும் யாராவது புதுசா ஒரு புரோட்டீனின் வடிவம் கண்டுபிடித்தால் இந்த வரைபடத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள்.

அதுவரைக்கும், அதற்கப்புறமும் ரொம்ப நாள், நம்பிக்கை என்னவென்றால் சங்கிலி மடிந்து ஒரே வடிவத்தில் நிற்கும், அந்த வடிவம்தான் வேலை செய்யும். பூட்டும் சாவியும் மாதிரி. ஆனா சில புரோட்டீன்கள் எந்த வடிவத்திலும் நிற்க மாட்டேன் என்றன. 1999-ல் ரைட், டைசன் என்ற இரண்டு பேர், இது ஏதோ பழுது இல்லை, இவற்றின் இயல்பே இப்படித்தான், வடிவம் இல்லாமலே வேலை செய்கின்றன என்று எழுதினார்கள். ராமச்சந்திரன் வரைபடம் வெளியான அதே பத்திரிகையில்! இவை அந்த வரைபடத்தை மீறவும் இல்லை. அனுமதித்த இடத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டு இருக்கின்றன, ஒரு இடத்தில் உட்காருவதில்லை. அவ்வளவுதான்.

நம்ம அடுப்படியிலேயே சாட்சி இருக்கு. முட்டையை வேகவைத்தால் வெள்ளைக்கரு கெட்டியாகும். மடிந்திருந்த புரோட்டீன் சூட்டில் அவிழ்ந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். பால் எத்தனை கொதி வந்தாலும் கட்டியாவதில்லை. அதில் இருக்கிற கேசின் ஏற்கெனவே அவிழ்ந்து கிடக்கிற ரகம், புதுசா அவிழ ஒன்றும் பெரிசா இல்லை. புற்றுநோயைத் தடுக்கிற பி53 புரோட்டீனுக்கும் இரண்டு முனையும் இப்படித் தொளதொளவென்றுதான் இருக்கும். அதனாலதான் அதால பல பேரோடு கை குலுக்க முடியுது.

இப்ப பெரியப்பா விஷயம். மூளை நரம்புகளின் நுனியில் ஆல்ஃபா சைனூக்ளின் என்று ஒன்று இருக்கு. 140 அமினோ அமிலம். சும்மா மிதக்கும்போது வடிவம் கிடையாது, சவ்வில் ஒட்டினால் சுருள் ஆகும், விட்டால் மறுபடி அவிழும். பார்க்கின்சனில் இது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நாராகி, செல்லுக்குள் கட்டியாகிவிடுகிறது. அந்தக் கட்டிகளை 1912-லேயே லூவி என்பவர் பார்த்திருக்கிறார். உள்ளே இருப்பது இந்தப் புரோட்டீன்தான் என்று தெரிந்தது 1997-ல். அலைந்துகொண்டு இருந்தவரை சுகம், ஒழுங்காக அடுக்கி நின்றதும் சீக்கு. நான் ரெண்டு தடவை திருப்பிப் படிச்ச இடம் இது.

மருந்து ஏன் கஷ்டம் என்பதும் இங்கதான் புரிந்தது. மருந்து போய் உட்கார ஒரு குழி வேணும். நிமிஷத்துக்கு ஒரு உருவம் எடுக்கிறதுல குழியை எங்க தேட? இப்போ பெரியப்பா சாப்பிடுகிற லெவோடோபா, குறைந்துபோன டோபமைனை ஈடுகட்டும். கட்டிகளை ஒன்றும் செய்யாது. கட்டியைப் பிடிக்கிற ஆன்டிபாடிகளைச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். நோயை நிறுத்துகிற மருந்து இன்னும் கைக்கு வரவில்லை. (டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. மாத்திரை சந்தேகத்துக்கு உங்க டாக்டரைக் கேளுங்க.)

இன்னொன்று. ராமச்சந்திரனுக்கே கடைசிக் காலத்தில் பார்க்கின்சன் வந்தது. 2001 ஏப்ரலில் சென்னையில் இறந்தார். புரோட்டீன் எப்படியெல்லாம் திரும்பும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்த மனுஷர். இதைப் படித்த அன்றைக்கு வேற எதுவும் படிக்கத் தோணலை.

எல்லாத்தையும் போன ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவிடம் சொன்னேன். பொறுமையா கேட்டார். நடுங்குகிற கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப அது ஆடிட்டுக் கெடந்தாத்தான் நல்லதா?"

"ஆமா பெரியப்பா."

"இங்க கை ஆடுது, உள்ள அது ஆட மாட்டேங்கு. சரியாப்போச்சு போ. கோபாலசமுத்திரத்துக்காரருக்கே வந்திருக்கு, எனக்கு வந்தா என்ன. பெரியம்மைட்ட காப்பி கொண்டாரச் சொல்லு."

வந்தது. அரை டம்ளர்.