அகளியில் ஓய்வு நாள்கள்

விடுமுறை என்றதும் நம்மவர் நெஞ்சம் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் ஓடுகின்றது. தாயகம் செல்லும் அன்பர்கள் இம்முறை கோவையிலிருந்து மேற்கே செல்ல வேண்டுகிறோம். தடாகம், ஆனைகட்டி வழியாகத் தமிழக எல்லையைக் கடந்தால் கேரளத்தின் அட்டப்பாடி மலைநாடு விரிகின்றது. அதன் நடுவே, பாலக்காடு மாவட்டத்தில் உள்ள சிற்றூர் அகளி. அங்கே நாங்கள் சில நாள்கள் தங்கி வந்தோம். உதகையின் குளிர் அங்கில்லை. படகுத்துறையும் மலர்க் கண்காட்சியும் இல்லை. மலையும் ஆறும் பலமொழி மக்களும் உண்டு.

முதலில் ஆற்றைக் கூறுவோம். கேரளத்து ஆறுகள் பெரும்பாலும் மேற்கே கடலை நாடுவன. கிழக்கு நோக்கிச் செல்வன கபினி, பவானி, பாம்பாறு என்னும் மூன்றே. அவற்றுள் பவானி முக்காலியருகே வளைந்து, அட்டப்பாடியை நனைத்துத் தமிழகம் புகுகின்றது. மேற்கே முக்காலிப் பக்கம் அடர்ந்த மழைக்காடு. கிழக்கே செல்லச் செல்ல மழை குறைந்து, முட்புதரும் சோளக்கொல்லையும் தோன்றுகின்றன. ஒரே பகற்பொழுதில் இருவேறு நாடுகளைக் கண்டது போன்ற வியப்பு நமக்கு உண்டாகிறது.

முக்காலியிலிருந்து வனத்துறையின் வண்டியில் அமைதிப் பள்ளத்தாக்கிற்குச் செல்லலாம். அங்கே குந்திப்புழை ஆற்றில் மின்திட்டத்திற்காக அணைகட்ட முற்பட்டபோது மக்களும் அறிஞரும் எதிர்த்து நின்றனர். திட்டம் கைவிடப்பட்டு, 1984இல் அக்காடு தேசியப் பூங்காவாயிற்று. காடும் பிழைக்க உரிமையுடையது என்று நாடு ஒப்புக்கொண்ட இடம் அது.

அகளிக் கடைத்தெருவில் ஒரு கடையில் மலையாளம், அடுத்த கடையில் கொங்குத் தமிழ். இவ்விரண்டிற்கும் மூத்த குடியினர் இருளர், முதுகர், குறும்பர் ஆகிய பழங்குடி மக்கள். இருள மொழி தமிழுக்கு மிக நெருங்கிய உறவு. செவிகொடுத்துக் கேட்டால் நம் பாட்டிமார் சொற்கள் பல அதில் ஒலிக்கும். அம்மொழிப் பாட்டைத் திரைப்படத்தில் பாடிய அட்டப்பாடி நஞ்சியம்மாவுக்கு, 2022இல் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அறிவிக்கப்பட்டது. மல்லீசுவரன் முடியில் சிவராத்திரி விளக்கேற்றும் உரிமையும் பழங்குடி மக்களுடையதே.

ஐரோப்பாவில் ஆல்ப்சு மலையடியில் மெரானோ என்றோர் ஓய்வு நகரம் உண்டு. முதல் உலகப் போருக்குப் பின் ஆஸ்திரியாவிடமிருந்து இத்தாலிக்குச் சென்ற ஊர் அது. அங்கே செருமானிய மொழியும் இத்தாலிய மொழியும் பெயர்ப்பலகைகளில் அருகருகே நிற்கின்றன. புதியவர் வந்தபோதும் பழையவர் மொழி சட்டத்தின் காப்பைப் பெற்றுவிட்டது.

அகளியின் வரலாறு வேறு. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அட்டப்பாடி மக்களில் பத்தில் ஒன்பது பங்கினர் பழங்குடியினர். பின்னர்க் கொங்கு நாட்டினின்றும் திருவிதாங்கூரினின்றும் உழவர்கள் குடியேறினர். 2011இல் பழங்குடியினர் பாதிக்கும் குறைந்துவிட்டனர். ஆள் எண்ணிக்கையோடு நிலமும் கைமாறியது. பறிபோன நிலத்தை மீட்டளிக்கக் கேரளம் 1975இல் சட்டம் இயற்றியது. 1999இல் அதற்கு மாற்றாக வேறொரு சட்டமும் வந்தது. நில வழக்குகளோ இன்னும் ஓய்ந்தபாடில்லை.

அன்பர்களே, நாமும் பிழைப்பு நாடி அயல்மண் புகுந்தவர்களே. ஆகையால் குடியேறிய உழவரை இகழும் எண்ணம் நமக்கில்லை. கரடுமுரடான மலைச்சரிவில் அவர்கள் பட்ட பாடு பெரிது. ஆயினும் வந்தவர் வாழ இருந்தவர் இடமிழப்பது அறமாகாது. சென்ற நாட்டில் நம் மொழிக்கும் வழிபாட்டுக்கும் இடம் கேட்கும் நாம், நம் வீட்டருகே உள்ள முதுகுடிக்கு அதே இடத்தை மறுக்கலாமா?

அகளியின் அழகைக் கண்டதும், 'இங்கே ஒரு காணி வாங்கிப் போடலாமே' என்று உடன்வந்தோர் சிலர் பேசினர். அவ்வாசை எழுவது இயல்பு. அந்நிலம் யாருடையது, யார் கையிலிருந்து வந்தது என்று கேளாமல் பணத்தை நீட்டுவது தகாது. வாங்க விரும்புவோர் அட்டப்பாடித் துவரையும் சாமையும் வாங்குக. உரிய விலை கொடுத்து வாங்குக. பழங்குடியினரின் ஊர்களுக்குள் அழையாமல் நுழைவதும், அனுமதியின்றிப் படமெடுப்பதும் வேண்டா.

பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லுங்கள். பவானியின் கரையில் அமர்ந்து, இந்நாட்டின் மூத்தோர் யாவர் என்பதை அவர்களுக்கு எடுத்துரையுங்கள்.