கதையை ஊத முடியாது

ஒன்றரை லட்ச ரூபாய்க்கு சாக்ஸபோன் வாங்கப் போகிறேன் என்றபோது மனைவி கேட்டது ஒரே கேள்விதான்: "ஒழுங்கா வாசிக்க வந்த பிறகு வாங்கினா ஆகாதாங்க?" நியாயமான கேள்வி. படித்தது தமிழ் முதுகலை, பிழைப்பு பத்திரிகையும் மொழிபெயர்ப்பும், வயது 46. கொல்கத்தாவுக்கு வந்து 17 வருடங்கள். சாக்ஸபோன் கற்கத் தொடங்கி இரண்டே வருடம், அதுவும் மாஸ்டர் கொடுத்த இரவல் வாத்தியத்தில்.

சாக்ஸபோன் என்றதும் நமக்கெல்லாம் கத்ரி கோபால்நாத்தான் நினைவுக்கு வருவார். 2019இல் மறைந்த அவர் வாசித்தது ஆல்டோ. நான் விரும்பியது டெனர். அளவில் பெரியது, குரலில் ஆழ்ந்தது. ஆல்டோ பாடும் என்றால் டெனர் பேசும். பெல்ஜியத்துக்காரரான அடால்ஃப் சாக்ஸ் 1846இல் பாரிஸில் இதற்குக் காப்புரிமை பெற்றார். உடல் பித்தளை என்றாலும் உயிர் நாணல் சீவலில்தான் இருக்கிறது. நாதஸ்வரச் சீவாளிக்கு ஒரு வகையில் உறவு.

மாஸ்டருக்கு 78 வயது. இளமையில் பார்க் ஸ்ட்ரீட் ஹோட்டல்களில் வாசித்தவர். லெனின் சரணியில் ஒரு கடைக்கு அவரே அழைத்துப் போனார். மேசைமேல் மூன்று டெனர்கள். ஒன்று கண்ணாடி போல மின்னும் புதுசு. இன்னொன்று 1940களின் அமெரிக்கத் தயாரிப்பு. பூச்சு உதிர்ந்து பழுப்பேறியது. மூன்றாவது தைவானில் செய்த புதுசு, ஆனால் பழைய பாணி: மெருகில்லாத, தொழிற்சாலையிலேயே நிறம் மங்கவைத்த பித்தளை.

"பார்க் ஸ்ட்ரீட்டில் பெரிய ஆர்ட்டிஸ்ட் வைத்திருந்தது" என்று கடைக்காரர் பழையதைக் காட்டினார். எனக்கு அது போதும். பழைய பதிப்பு என்றால் விலை பேசாமல் வாங்குகிற புத்தி. கிட்டத்தட்ட பணத்தை எடுத்துவிட்டேன்.

மாஸ்டர் கையைப் பிடித்தார். சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார். தன் பையிலிருந்த மவுத்பீஸையே, அதே சீவலோடு, மூன்றிலும் மாற்றி மாற்றிப் பொருத்தினார். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மவுத்பீஸ் என்றால் நாம் கேட்பது மவுத்பீஸின் குரலைத்தான், வாத்தியத்தின் குரலை அல்ல என்பது அவர் கட்சி. ஒரே நான்கு சுரங்கள்; கடைசியில் ஆகக் கீழான பி-ஃபிளாட், மெதுவாக.

முதலாவது எவர்சில்வர் குடத்தைத் தட்டியது போல ஒலித்தது. அடுத்த இரண்டும், வயதான ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசுவது போல இருந்தன. எது பழையது, எது பழைய பாணி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒன்றில் மட்டும் அந்தக் கடைசி சுரம் இருமிக்கொண்டு வந்தது.

"இப்போ நீ. கண்ணைத் திறக்காதே."

விரல்கள் சொல்லிவிட்டன. ஒன்றில் இடது சுண்டுவிரல் கீழ் சுரங்களின் சாவிகளை எட்டவே திணறியது. எட்டினாலும் அழுத்த முடியவில்லை. மற்றதில் கை தானாகப் போய் உட்கார்ந்தது. கண்ணைத் திறந்தேன். திணறவைத்தது நான் ஆசைப்பட்ட கிழவர். மாஸ்டர் விளக்கை அணைத்து அதன் குழலுக்குள் சிறு பல்பு ஒன்றை இறக்கினார். மூடியிருந்த தோல் அட்டைகளின் ஓரத்தில் மூன்று இடங்களில் வெளிச்சம் கசிந்தது. காற்றும் அங்கேதான் கசிகிறது. எல்லா அட்டைகளையும் மாற்ற வேண்டும், இருபதுக்கு மேல்.

"அந்தக் கதை?" என்றேன்.

"கதையை ஊத முடியாது, மை பாய்."

தைவான் டெனரை வாங்கினேன். ஒரு வாரம் உறுத்தியது. போலிப் பழமைக்கா இத்தனை பணம்? பிறகு ஒரு நாள், பழைய வங்காள நாவல் ஒன்றை இன்றைய தமிழுக்குக் கொண்டுவரப் போராடிக்கொண்டிருந்தபோது உறுத்தல் போய்விட்டது. குரல் அந்தக் காலத்தது, சாவிகள் இந்தக் காலத்துக் கைக்கு. நான் செய்யும் வேலையும் அதுதானே!

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். கடையை விட்டுக் கிளம்புமுன் மாஸ்டர் அந்தப் பழைய டெனரை மறுபடி எடுத்தார். ஒரு நிமிடம் வாசித்திருப்பார். கீழ் சுரத்தைத் தொடவே இல்லை. மூச்சு வாங்கியதும் நிறுத்தி, கைக்குட்டையால் துடைத்து வைத்தார். 1970களில் பார்க் ஸ்ட்ரீட்டில் வேலை வற்றிப் போனபோது இப்படி ஒன்றை விற்றாராம், வாடகை கட்ட. டிராமுக்காக நின்றபோது சொன்னார்.

அதுதானா இது என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை.

இப்போது என் டெனரில் விரல் படும் இடங்கள் கறுக்கத் தொடங்கியிருக்கின்றன. அந்தக் கறுப்பைத் தொழிற்சாலை பூசவில்லை.