மாற்றுமுன் ஒரு கணம்

செய்நிரல் எழுதும் மாணாக்கர்க்கு, தேடி மாற்றும் கட்டளை பெருந்துணையாம். கென் தாம்சன் 1969ஆம் ஆண்டில் ஆக்கிய ‘எட்’ என்னும் எடிட்டரிலேயே அஃது இடம்பெற்றது. ஆயினும், கணினி எழுத்தையே காணும், பொருளை அறியாது. ‘கல்’ என வருமிடமெல்லாம் ‘பாறை’ என மாற்றப் பணித்தால், ‘கல்வி’ ‘பாறைவி’ ஆகும். ‘கல்லூரி’ ‘பாறைலூரி’ ஆகும்! தனிச்சொல்லை மட்டும் மாற்றுக எனின், வேற்றுமையேற்ற ‘கல்லை’ தப்பிவிடும்.

கட்டுரையாயின் நகைத்து அமையலாம். செய்நிரலிலோ, அது திறந்து படிக்கவேண்டிய கோப்பின் பெயரும் உடன்மாறினால் இயக்கமே நின்றுவிடும்.

‘விம்’ எடிட்டரில் மாற்றுக் கட்டளையின் இறுதியிலே ‘சி’ என்னும் எழுத்தைச் சேர்த்தால், ஒவ்வோரிடத்திலும் நம் இசைவை வினவும். சற்றே தாமதந்தான். எனினும், எதனை மாற்றுவது, எதனை விடுவது எனத் தெளிதலன்றோ கல்வி? அத்தெளிவைப் பொறியிடம் ஒப்புவித்தல் தகுமோ?