பழைய வண்டிகளும் பழைய ஏடுகளும்

பழைய சொற்கள் நீங்குவதையும் புதியவை வந்து சேர்வதையும் நன்னூலார் குற்றமாகக் கொள்ளவில்லை. சொல்லுக்குரிய அவ்விதி ஊர்திக்கும் பொருந்துவதே. சென்னை மாநகரத்தில் 1895-ஆம் ஆண்டு முதல் ஓடிய மின்சார டிராம் வண்டிகள் 1953-இல் நின்றுபோயின. எங்கள் போடிநாயக்கனூருக்கு வந்துகொண்டிருந்த மீட்டர் கேஜ் ரயிலும் 2010-இன் இறுதியில் ஓய்ந்தது. அகலப் பாதையில் ரயில் மறுபடி வந்தது 2023-இல். நீங்கியவற்றிற்காக அழுது பயனில்லை. ஆயினும் அவற்றுள் ஒன்றையேனும் பின்வருவோர் காணுமாறு வைத்தல் வேண்டாவா?

போடிக்கு அருகே மலைச்சரிவில் கொட்டகுடி என்னும் சிற்றூர் உளது. அதற்கு மேலே மலைமுடியில் இருப்பது டாப் ஸ்டேஷன். ரயிலே இல்லாத இடத்திற்கு இப்பெயர் எங்ஙனம் வந்தது என்று சிறுவயதில் யான் வியந்ததுண்டு. மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கின் வழியே அம்முடிக்கு 1902-இல் ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று அமைத்தனர். யூயிங் என்பார் கண்ட முறை அது. வண்டியின் பாரம் பெரும்பாலும் ஒரே தண்டவாளத்தின் மீது இறங்கும். சாய்ந்துவிடாதபடி பக்கத்துச் சக்கரம் ஒன்று சாலைமீது உருண்டு வரும். இழுத்தவை எருதுகள். 1908-இல் அதனை நீக்கி, இரண்டடி அகலமுள்ள சிறு ரயிற்பாதை இட்டனர். தேயிலைப் பெட்டிகள் மலைமுடியிலிருந்து கம்பிவடத்தில் தொங்கியவாறு கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து மாட்டுவண்டி ஏறிப் போடிக்கு வந்தன. 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்த ரயிற்பாதையை அழித்துவிட்டது.

மூணாற்றுத் தேயிலைக் காட்சிச்சாலையில் அந்த ரயிலின் எஞ்சின் சக்கரம் ஒன்றைக் கண்டேன். அதனருகே நிற்கையில், எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து கொட்டகுடி வழியாக மலையேறிப் போன தொழிலாளரை நினைத்தேன். சக்கரம் இருக்கிறது, அவர்கள் பெயர்கள் இல்லை.

இம்முறையிலேயே அமைந்த மற்றொரு பாதைக்கு நல்ல காலம் வாய்த்தது. பாட்டியாலா சமஸ்தானத்தில் 1907 முதல் 1927 வரை ஓடிய ஒற்றைத் தண்டவாள ரயில், நின்றபின் கொட்டகையிற் கிடந்து துருப்பிடித்தது. 1962-இல் மைக்கேல் சாட்டோ என்னும் ரயில் வரலாற்றன்பர் அதனைக் கண்டெடுத்தார். பெர்லினிற் செய்த எஞ்சின் ஒன்றை அமிர்தசரஸ் ரயில்வே தொழிற்சாலையார் பழுதுநீக்கி ஓடும் நிலைக்குக் கொணர்ந்தனர். பழைய அடிச்சட்டம் ஒன்றின் மீது பெட்டியும் புதிதாகக் கட்டப்பட்டது. இரண்டும் புதுடில்லி தேசிய ரயில் காட்சிச்சாலையைச் சேர்ந்தன. குண்டளை எருதுகள் இழுத்த வண்டி எவ்வாறு நின்றிருக்கும் என்பதை இன்று நாம் கண்ணால் அறிய உதவுவது, தொலைவிலுள்ள அந்த உடன்பிறப்பே.

பழுதுநீக்குதல் எளிதன்று. மட்கிய பலகையை மாற்றாவிடில் வண்டி நில்லாது. எல்லாவற்றையும் மாற்றிப் பளபளக்கும் வர்ணம் பூசினாலோ அது பழைய வண்டியாகாது. இச்சிக்கல் தமிழ் பயில்வோர்க்குப் புதிதன்று. சாமிநாதையரவர்கள் 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிடுமுன் ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கி உழைத்தார்கள். ஏடு சிதைந்தவிடத்துத் தன் சொல்லை மூலம்போற் புகுத்துபவன் நல்ல பதிப்பாசிரியன் ஆகான். அவ்வாறே வண்டியைப் புதுக்குவோனும் இது பழையது, இது நான் சேர்த்தது என்று எழுதிவைத்தல் கடன். புதுப் பலகை இடுவது பிழையன்று. அதனைப் பழையதென்று காட்டுவதே பிழை.

ஐயாயிரம் பேர் உண்டு நிறைந்த பின்னும், மிஞ்சிய துணுக்குகள் வீணாகாதபடி கூடைகளிற் சேர்க்கச் செய்தார் நம் ஆண்டவர். துணுக்கு என்று அவர் எதனையும் இகழவில்லை. தேனி, கம்பம் பகுதிகளிலிருந்து இக்கல்லூரிக்கு வந்துள்ள நண்பர்களே, விடுமுறையில் ஊர் செல்லும்போது முதியோரிடம் அமர்ந்து கேளுங்கள். கொட்டகுடிப் பாதையில் நடந்தவர் யார், என்ன சுமந்தார், அவற்றை எப்பெயரால் அழைத்தார் என்று குறித்து வையுங்கள். மீட்டர் கேஜ் காலத்துப் பயணச்சீட்டோ கைவிளக்கோ வீட்டில் இருப்பின், அதன் வரலாற்றையும் ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். பெரிய எஞ்சினைக் காக்க அரசினர் வேண்டும்; பெயர்களைக் காக்க நாமே போதும்.