காகிதம் உரிக்கும் உத்தியோகம்

அறுபத்தைந்து வயதில் எனக்கு ஓர் உத்தியோகம் கிடைத்திருக்கிறது என்றால் நம்புவீர்களா? சம்பளம் கிடையாது. விடுமுறையும் கிடையாது. வேலை, காகிதம் உரிப்பது.

நான் இருப்பது ராஜபாளையத்தில். என் மகன் மில்லில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை ஒரு நாள் விட்டுவிட்டு வந்து, "அம்மா, லேசர் மெஷின் வாங்கப் போகிறேன்" என்றான். லேசர் என்றால் கண் ஆஸ்பத்திரியில் இருப்பது என்றுதான் எனக்குத் தெரியும். என் வளையல்கள் நான்கும் பாங்க்கிற்குப் போன பிறகுதான் விவரம் தெரிந்தது. வீட்டுக்குப் பெயர்ப் பலகை, கல்யாணத்துக்கு மணமக்கள் பெயர், கடை வாசலுக்கு எழுத்து, இவற்றையெல்லாம் பலகையில் சுட்டுச் செதுக்குகிற யந்திரம் அது. அதன் கதிர் கண்ணுக்கே தெரியாது. 1964-ல் இந்த வகை லேசரை அமெரிக்காவில் உருவாக்கியவர் நம் பாராமதியில் பிறந்த குமார் படேல் என்று மகன் சொன்னபோது, வளையல் போன துக்கம் எனக்குக் கொஞ்சம் குறைந்தது என்னவோ உண்மை.

பலகை என்றால் மரப் பலகை அல்ல, அக்ரிலிக். பார்த்தால் கண்ணாடி, தட்டினால் பிளாஸ்டிக். 1933-லேயே ஜெர்மனியில் 'பிளெக்ஸிகிளாஸ்' என்று பெயர் வைத்து விற்பனைக்குக் கொண்டு வந்துவிட்டார்களாம். நம் வீட்டுப் பெரியவர்கள் இரவில் கழற்றித் தம்ளரில் போட்டு வைக்கிறார்களே பல் செட், அதுவும் இந்த ஜாதிப் பொருள்தான்.

கடையிலிருந்து வரும்போதே அதன் இரு பக்கமும் காகிதம் ஒட்டியிருக்கும். புதுப் பாத்திரத்தில் ஒட்டிய லேபிளைக் கண்டால் பெண்களுக்குக் கை சும்மா இருக்குமா? முதல் நாள் மகன் சாப்பிடப் போயிருந்த சமயம், நான்கு பலகைகளின் காகிதத்தையும் சுத்தமாக உரித்து அடுக்கி வைத்தேன். அவன் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

விஷயம் இதுதான். கதிர் பட்ட இடத்தில் அக்ரிலிக் ஆவியாகிறது. அந்த ஆவி குளிர்ந்து, எழுத்தைச் சுற்றி வெள்ளைப் புகைச்சலாகப் படிந்துவிடும். காகிதம் இருந்தால் அந்த அழுக்கெல்லாம் காகிதத்தின் மேல் படியும். கடைசியில் காகிதத்தை உரித்தால் பலகை பளிச்சென்று இருக்கும். எழுத்துக்குச் சாயம் பூசுவதற்கும் அதே காகிதம்தான் காவல். சில பலகைகளில் காகிதத்துக்குப் பதில் பிளாஸ்டிக் தாள் இருக்கும். அது சூட்டில் உருகி எழுத்து விளிம்பில் ஒட்டிக்கொள்ளும் என்று மகன் முதலில் அதை எடுத்துவிட்டுக் காகிதம் ஒட்டுவான். பி.வி.சி. தாளை மட்டும் யந்திரத்தின் பக்கமே கொண்டுவர விடமாட்டான். அதைச் சுட்டால் கிளம்புகிற அமிலப் புகை நெஞ்சுக்கும் கெடுதல், யந்திரத்துக்கும் கெடுதல்.

சாயம் பூசி, அது பாதி காய்ந்த பதத்தில் காகிதத்தை உரிக்க வேண்டும். முழுக்கக் காயவிட்டால் சாயமும் செதிலாகக் கூடவே வந்துவிடும். பால்கோவாவுக்குப் பதம் தெரிந்தவளுக்கு இது தெரியாதா என்றுதான் எனக்கு இந்த உத்தியோகம் கிடைத்தது. ஆனால் நம் தமிழ் எழுத்து இருக்கிறதே! மூன்று சுழி 'ண' என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். எந்தச் சுழி மூடியிருக்கிறதோ அதற்குள் ஒரு பொட்டுக் காகிதம் நின்றுவிடும். பெரிய தாளை ஒரே இழுப்பில் உரித்த பிறகு, ஒவ்வொரு பொட்டாக ஊசி முனையால் கிளப்ப வேண்டும். ஊசி கொஞ்சம் சறுக்கினால் பலகையில் கீறல். இங்கிலீஷ்காரனுக்கு இந்தத் தொல்லை பாதி கூட இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிற என் அக்காவின் சமாசாரத்துக்கு வருகிறேன். அத்தான் போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. முத்து முத்தாக எழுதுகிற கை அவருக்கு. வாசல் சுவரில் வீட்டின் பெயரை அவரே எழுதியிருந்தார். பெயிண்ட் அடிக்க வந்தவர்கள் அதன் மேலும் அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். முதல் திதிக்கு முன்னால் வாசலில் அவர் எழுத்து இருக்க வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. ஒரு பழைய இன்லண்ட் கடிதத்தை என்னிடம் கொடுத்தாள். 1974-ல் தலைப் பிரசவத்துக்கு அவள் ராஜபாளையம் வந்திருந்தபோது அத்தான் எழுதியது. இரண்டு ஊருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், அதற்கும் கடிதம்! உள்ளே படிக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். மேல் விலாசத்தில் இருந்த அவள் பெயரும், அனுப்புகிறவர் இடத்தில் இருந்த அவர் பெயரும் போதும் என்றாள்.

மகன் அதை ஸ்கேன் செய்து, இடம் வலம் மாற்றி, பலகையின் பின்பக்கத்தில் செதுக்கினான். முன்பக்கம் வழவழவென்று இருந்தால்தான் தூசி சேராதாம். மறுநாள் காலையில் கொண்டுபோக வேண்டும். சாயம் பூசி, உரித்து, ஊசி வேலையும் முடிந்தது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பசை பிசுபிசுத்தது. அலமாரியில் சர்ஜிகல் ஸ்பிரிட் இருந்தது. ஊசி போடுவதற்கு முன் தோலையே சுத்தம் செய்கிறதே, பலகையைச் செய்யாதா? பஞ்சில் நனைத்து அழுத்தித் துடைத்தேன்.

சிறிது நேரத்தில் அக்காவின் பெயரிலிருந்து மெல்லிய கோடுகள் கிளம்பின. தலைமுடி போல. பிறகு சிலந்தி வலை போல. நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன், அவை ஓடுகின்றன. அத்தானின் எழுத்தை இரண்டாவது தடவையாக அழித்தவள் நான்.

மகன் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை. "சூடு பட்ட விளிம்பிலே ஓர் இறுக்கம் தங்கியிருக்கும் அம்மா. ஸ்பிரிட் பட்டால் அது வெடிப்பாகக் கிளம்பிவிடும்" என்று மட்டும் சொன்னான். அப்புறம் புதுப் பலகையை எடுத்து யந்திரத்தில் வைத்தான். யந்திரம் ஓடும்போது பக்கத்தை விட்டு நகரக் கூடாது, அக்ரிலிக் தீப்பிடிக்கும். ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். சாயம் பதத்துக்கு வந்தபோது மணி இரண்டு.

இந்தத் தடவை பசைக்கு ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். ஊறியதும் அது தானாக நெகிழ்ந்து வந்தது. பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கிற சோப்பு இரண்டு துளி. துடைக்க, சத்திரப்பட்டியில் நெய்த பாண்டேஜ் துணி. ஊரெல்லாம் புண்ணுக்குக் கட்டுகிற துணி எங்கள் பக்கத்தில்தானே நெய்கிறார்கள்! அதைவிட மெத்தென்ற துணி எங்கே கிடைக்கும்? காய்ந்த துணியால் மட்டும் தேய்க்கக் கூடாது; கீறல் விழும், தூசியையும் இழுத்துக்கொள்ளும்.

பலகையைத் திருப்பினேன். அதுவரை தலைகீழாகத் தெரிந்த கோணல்கள் சட்டென்று அத்தானின் எழுத்தாகிவிட்டன. 'ண'வின் கடைசிச் சுழியை அவர் கொஞ்சம் நீட்டி இழுப்பார். அதுவும் இருந்தது.

காலை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். ஆண்டாள் கோபுரம் கண்ணில் பட்டபோதுகூடக் கையெடுத்துக் கும்பிடவில்லை. கை பலகையில் இருந்தது. அக்கா வாங்கிப் பார்த்தாள். விரலை எழுத்தின் மேல் வைத்து, பின்பக்கமாகத் தடவி, பள்ளத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். முந்தானையால் துடைக்கப் போனவளைப் பாய்ந்து தடுத்து, முதல் நாள் நடந்ததையெல்லாம் சொல்லி அழுதுவிட்டேன்.

"அந்த விரிசல் விட்டது எங்கேடி?"

"கடையிலே கிடக்கிறது அக்கா. தூக்கிப் போடத்தான் வேண்டும்."

"போட்டுவிடாதே. அடுத்த தடவை வரும்போது எடுத்துக்கொண்டு வா. அதுவும் அவர் கையெழுத்துதானே?"