பங்குக் கிணறும் காணித் தரகரும்

காணித் தரகர் அச்சுவேலிக்குப் புதியவர் அல்லர். ஆயினும், முன்னாளில் அவருக்கு இங்கே அதிக வேலை இருந்ததில்லை. ஒருவர் தம் வளவை விற்க எண்ணினால் உடன்பிறந்தார் முதலில் அறிவர். வேலிக்கு அப்பாலுள்ளோர் அடுத்து அறிவர். அதன் பின்னரே நொத்தாரிசின் வீட்டுத் திண்ணையில் பேச்சு நடக்கும். 1983க்குப் பின் பிள்ளைகள் கடல் கடந்தார்கள். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. திரும்பி வந்தவர்கள் சிலர், வராதவர்கள் பலர். இன்று உரிமையாளர் ரொறொன்ரோவிலும் பாரிசிலும் இருக்க, வளவு மட்டும் இங்கே கிடக்கிறது. இடையில் நிற்பவர் தரகர். அவர்களுள் நல்லவர்களையும் நான் அறிவேன். இங்கு கூறப்போவது மற்றொருவரைப் பற்றி.

என் தங்கைக்குச் சீதனமாக எழுதப்பட்ட வளவு 4 பரப்பு 9 குழி. அதனை அடுத்துள்ளது எனது வளவு. இரண்டுக்கும் நடுவே கிணறு. கிணறும் அதனைச் சுற்றிய சிறு நிலத்துண்டும் ஒழுங்கையும் பிரிக்கப்படாதவை. ஆளுக்கு அரைப் பங்கு என்பது உறுதியிலேயே உள்ளது. கனடாவில் வாழும் தங்கை வளவை விற்க விரும்பி, ஊர்த் தரகர் ஒருவருடன் ஓராண்டு ஒப்பந்தம் செய்தாள். வளவைக் காட்டவும் விலை பேசவும் அச்சவாரம் பெறவும் அவருக்கு அற்றோணித் தத்துவமும் கொடுத்தாள். அத்துணைத் தொலைவில் இருப்பவள் வேறென் செய்வாள்?

எட்டு மாதங்கள் சென்றன. விற்பனை நிகழவில்லை. படலையில் ஒரு பலகை மாத்திரம் ஏறியது: “50 பேர்ச், தனிக் கிணறு.” ஒரு பரப்பு பத்துப் பேர்ச், பதினெட்டுக் குழி ஒரு பரப்பு. ஆகவே தங்கையின் வளவு 45 பேர்ச்சே. எஞ்சிய ஐந்தும் எங்கிருந்து வந்தன என்று அறிய எனக்கு வெகு நேரம் ஆகவில்லை. பொது ஒழுங்கையையும் கிணற்றடியையும் அவர் சேர்த்து அளந்திருந்தார்.

ஒரு நாள் காலை, வளவு பார்க்க வந்த கனவான் ஒருவர் கிணற்றடியில் நின்று என்னிடமே வினவினார்: “அடுத்த வீட்டு அம்மா இனித் தண்ணி அள்ள வரமாட்டா எண்டு தரகர் சொன்னவர். எப்ப நிப்பாட்டுவா?” கையில் வாளியுடன் நின்ற நான் என்ன விடை கூறுவது?

அன்றிரவே தங்கையோடு பேசினேன். “அக்கா, நீங்களே அந்தாளை நிப்பாட்டிவிடுங்கோ” என்றாள். அஃது இயலாத காரியம். தத்துவத்தைக் கொடுத்தவளே அதனைத் திரும்பப் பெறுதல் வேண்டும்.

இவ்விடத்தில் நம் நாட்டுச் சட்டத்தின் விசித்திரம் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். சீதனமும் முதிசமும் தேசவழமைக்கு உட்பட்டவை. அவ்வழமையை 1707இல் தொகுத்தவர் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த திசாவை. கூட்டுப் பங்காளரையும் உரித்தாளரையும் கேளாது பிறருக்கு விற்கலாகாது என்பதை 1947இன் 59ஆம் இலக்கச் சட்டம் வகுத்தது. விற்பனை உறுதியோ, 1840இன் 7ஆம் இலக்கச் சட்டப்படி, நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் முடிக்கப்படல் வேண்டும். ஆனால் உரிமையாளருக்கும் அவருடைய முகவருக்கும் உள்ள தொடர்புக்கு, 1852இன் 5ஆம் இலக்கச் சட்டத்தின் வழியே, ஆங்கிலச் சட்டமே பொருந்தும். ஒரு கிணற்றைச் சுற்றி எத்தனை தேசத்தார் நிற்கின்றனர், பாருங்கள்! முகவர் தமக்களிக்கப்பட்ட அதிகாரத்துக்குள் செய்வது உரிமையாளரைக் கட்டும் என்பது அச்சட்டத்தின் அடிப்படை. தங்கையின் பெயரால் அவர் வாங்கும் பணத்துக்கும் தங்கையே பொறுப்பு.

ஒப்பந்தத்தில், முப்பது நாள் எழுத்து அறிவித்தலுடன் எவரும் விலகலாம் என ஒரு பிரிவு இருந்தது. உறுதியின் அளவையும் பலகையின் அளவையும் அருகருகே காட்டித் தங்கை கடிதம் எழுதினாள். அது பதிவுத் தபாலில் அவரை அடைந்த மறுநாளே ஆள் என் விறாந்தைக்கு வந்துவிட்டார். அவர் என்னிடம் ஐந்தாம் வகுப்பில் படித்தவர்.

“ரீச்சர், ஊருக்குள்ளை இருந்துகொண்டு பதிவுத் தபால் ஏன்? ஒரு சொல் சொல்லியிருந்தால் விட்டிட்டுப் போயிருப்பன்.”

“சொல்லாலை விட்டால், தம்பி, நீரும் நானும் இல்லாத காலத்திலை பிள்ளையள் எதைக் காட்டுறது?”

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் கணக்குகள் வெளிவந்தன. பத்திரிகை விளம்பரம் இரண்டுக்கு அவரிடம் பற்றுச்சீட்டு இருந்தது, அத்தொகையைக் கொடுத்தோம். பெற்றோல் செலவுக்குச் சீட்டு இல்லை, கொடுக்கவில்லை. வளவு காட்டிய நால்வரின் பெயர்களை எழுதி வாங்கினேன். ஆறு மாதத்துள் அந்நால்வருள் ஒருவர் வாங்கினால் தரகு அவருக்கே என்று தங்கை எழுத்தில் ஒப்புக்கொண்டாள். அவர் கூட்டிவந்தவர்களுக்குப் பின்வாசலால் விற்று, அவருடைய கூலியை நாம் விழுங்குவதும் முறையன்று.

பெயர்களை எழுதும்போதே மற்றொன்றும் வெளிப்பட்டது. கிணற்றடியில் வினவிய கனவானிடம் அவர் இரண்டு இலட்சம் ரூபாய் அச்சவாரம் வாங்கியிருந்தார். தங்கைக்கு அது தெரியாது. அப்பணம் திரும்பும்வரை எதையும் முடிக்க முடியாது என்றேன். பதினொரு நாட்களில் அதே விறாந்தையில், இரு சாட்சிகள் முன்னிலையில், பணம் கைமாறியது.

தத்துவத்தை இரத்துச் செய்யும் பத்திரத்தைத் தங்கை ரொறொன்ரோவிலுள்ள நமது துணைத் தூதரகத்தில் ஒப்பமிட்டு அனுப்பினாள். அதனைப் பதிவாளர் நாயகத் திணைக்களத்தில் பதிவித்து, பிரதிகளைத் தரகருக்கும் நொத்தாரிசுக்கும் கொடுத்தோம். பத்திரிகையிலும் அறிவித்தல் வந்தது. மூல உறுதியும் வீட்டுத் திறப்பும் என் கைக்கு வந்தன.

பலகையை அவரே கழற்றிச் சென்றார். இப்போது அவ்விடத்தில் தொங்குவதில், “4 பரப்பு 9 குழி, கிணற்றில் அரைப் பங்கு” என்று எழுதியிருக்கிறது. சென்ற வாரம் அதே கனவான் மீண்டும் வந்தார். புரட்டாதியில் கிணற்றில் எத்தனை முழம் தண்ணீர் நிற்கும் என்று கேட்டார். வாளிக் கயிற்றை அவரிடமே கொடுத்து, இறக்கிப் பார்க்கச் சொன்னேன். அவர் வாங்குவாரானால் தரகு அந்தத் தம்பிக்கே சேரும். ஆறு மாதம் முடிய இன்னும் பத்து வாரங்கள் உள்ளன.