காற்றில் போன குரல்



ஆடி மாதத்தில் தாராபுரத்திலிருந்து உடுமலை சாலையில் இருசக்கர வாகனத்தில் சென்றிருக்கிறீர்களா? பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று, தடுப்பார் இன்றி நம் பகுதியின்மேல் வந்து விழுகிறது. சாலையின் இருபுறமும் நிற்கும் காற்றாலைகள் அதற்குச் சாட்சி. மேற்கே போகிறவன் அந்தக் காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டே போக வேண்டும். அந்தச் சாலையில்தான், காதில் புளூடூத் ஹெட்செட்டோடு, ஒரு தாயின் துயரத்திற்கு நான் "சந்தோஷம்" என்று பதில் சொன்னேன்.

அந்த ஹெட்செட் என் மகன் வாங்கிக் கொடுத்தது. அதற்கு முன்பெல்லாம் கைப்பேசியை ஹெல்மெட்டுக்குள் செருகிக்கொண்டு பேசுவேன். நம்மில் பலர் செய்வதுதான். அதைக் கண்டு பயந்து, "இதையாவது மாட்டிக்கொள்ளுங்கள் அப்பா" என்றான். எனக்கும் அது பெரிய விடுதலையாகத் தோன்றிற்று. வீடு சந்திக்கப் போகும் வழியிலேயே நான்கு பேரிடம் விசாரிக்கலாம், இரண்டு பேருக்காக ஜெபிக்கலாம். நேரத்தை வீணாக்காத ஊழியன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்தக் கருவியின்மேல் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் அரசன் ஒருவனின் பட்டப்பெயரைத் தாங்கிய புளூடூத், நொடிக்கு 1,600 முறைவரை அலைவரிசை மாறி மாறித் தாவிக் குரலைக் கொண்டுசேர்க்கிறது. ஆயினும் அதன் மைக் ஒரு சிறு துளைதானே? வேகமாக வரும் காற்று அத்துளையில் மோதிச் சுழலும்போது, அந்தச் சுழற்சியையே அது ஓசையாக எடுத்துக்கொள்கிறது. எதிர்முனையில் இருப்பவருக்கு இரைச்சல். நமக்கோ ஹெல்மெட்டுக்குள் வேறொரு இரைச்சல். ஒலியைக் கூட்டினால் செவிதான் கெடும்.

அன்று அந்தச் சகோதரி அழைத்தபோது என் காதில் விழுந்தவை மூன்றே சொற்கள்: "பையன்", "மூணு நாள்", "ஊட்டுக்கு". திருப்பூரில் வேலை செய்யும் மகன் மூன்று நாள் விடுமுறையில் வீட்டுக்கு வந்திருக்கிறான் என்று நானே நிரப்பிக்கொண்டேன். "சந்தோஷம்மா, ஸ்தோத்திரம்" என்றேன். ஒரு சிறு ஜெபமும் செய்தேன், வண்டியை நிறுத்தாமலே.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையின் மூத்தவர் ஒருவர் சிரித்தபடியே கேட்டார்: "ஏனுங்கய்யா, அன்னிக்கு வண்டி பஞ்சராகி ரோட்டோரம் நின்னனுங்க. கையைக் காட்டுனேன். என்னைப் பாத்துட்டே போயிட்டீங்க. அவசரம் போலன்னு விட்டுட்டனுங்க." நான் அவரைப் பார்த்ததே இல்லை என்று சத்தியம் செய்திருப்பேன். ஆனால் அவர் சொன்ன இடமும் நேரமும் அந்த அழைப்பின் இடமும் நேரமுமாகவே இருந்தன.

இது எனக்கு மட்டும் நேர்ந்த குறை அன்று. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2003-ல் இதையே எழுதினார்கள்: கையில் பிடிக்காத போனில் பேசிக்கொண்டு ஓட்டுகிறவரின் கண் ஒரு பொருளின்மேல் நேராகப் பதிந்தாலும், அது அவர் நினைவில் நிற்பது குறைகிறது. அவர்களே 2008-ல் இன்னொன்றையும் கண்டார்கள். ஓட்டுநர் பயிற்சிக்கருவியில், சாலையிலிருந்து ஓரிடத்தில் விலகி நிற்கச் சொல்லியிருந்தும், போனில் பேசியவர்களில் பாதிப்பேர் அந்த இடத்தைத் தவறவிட்டார்கள். பக்கத்தில் அமர்ந்தவரோடு பேசியவர்களோ பெரும்பாலும் தவறவிடவில்லை. ஏனெனில் உடன் வருகிறவர் சாலையைத் தாமும் பார்க்கிறார். லாரி குறுக்கே வந்தால் பேச்சை நிறுத்துகிறார். தொலைவிலிருந்து அழுகிற தாய்க்கு லாரி தெரியுமா?

நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, 2019-ன் திருத்தத்திற்குப் பின், கையில் பிடித்த தொடர்புக் கருவியைக் குறித்துப் பேசுகிறது. ஆகையால் கை காலியாக இருந்தால் போதும் என்று நாம் ஆறுதல் கொள்கிறோம். கனடாவின் டொராண்டோவில், விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் அழைப்புப் பதிவுகளை ஆராய்ந்து 1997-ல் வெளியிட்டபோதே, போனில் பேசும் வேளையில் விபத்து அபாயம் ஏறக்குறைய நான்கு மடங்கு என்றும், கையில் பிடிக்காத கருவிகளால் பாதுகாப்பு கூடியதாகத் தெரியவில்லை என்றும் கண்டிருந்தார்கள். அப்போது நம் ஊரில் கைப்பேசியே அரிது.

எனக்குப் பர்திமேயுவின் நினைவு வந்தது. எரிகோவைவிட்டுப் புறப்பட்ட கூட்டத்தின் நடுவே வழியோரத்து ஒரு குரல். ஆண்டவர் நடந்துகொண்டே அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் நின்றார். அந்தப் பகுதியைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். அவனுடைய விசுவாசத்தைக் குறித்து மணிக்கணக்காய்ப் பேசியிருக்கிறேன். அவர் நின்றதைக் குறித்து ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

இப்போது அழைப்பு வந்தால் ஏதாவது ஒரு புளியமரத்தடியில் வண்டியை ஒதுக்கி, இயந்திரத்தை அணைத்துவிட்டே எடுக்கிறேன். நிழல் கிடைக்காவிட்டால் எடுப்பதில்லை. போய்ச் சேர்ந்தபின் அழைக்கிறேன். நாளுக்கு நான்கு பேரிடம் பேசிய இடத்தில் இரண்டு பேர்தான். சிலருக்கு என்மேல் வருத்தம் உண்டு.

அந்த ஞாயிறு மாலையே சகோதரியை அழைத்தேன். சற்று நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மூணு நாளாப் பையன் ஊட்டுக்கு வரலீங்கன்னு சொன்னனுங்கய்யா. நீங்க சந்தோஷம்னு சொன்னீங்க" என்றார். என்னால் மன்னிப்பு மட்டுமே கேட்க முடிந்தது.

"அவன் வந்துட்டானுங்க. எதுக்குப் போனான்கறதத்தான் உங்ககிட்டச் சொல்லோணும்." தயங்கினார். "இப்ப வண்டீல போறீங்களாங்கய்யா?"

"இல்லைம்மா. வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன்."

"அப்பச் செரிங்க" என்று சொல்லி, முதலிலிருந்து தொடங்கினார்.